தெற்கு நோக்கிய பதினாறு தகடுகள்

அவர் துறைமுகத்தில் நின்ற கடற்படைக் கப்பலுக்குக் குறி வைக்கிறார் என்று நான் ஏறக்குறைய மூன்று மாதம் நம்பியிருந்தேன். நம்பியது போதாதென்று, குறி வைப்பதற்கு என்னுடைய பாகைமானியையே இரவல் கொடுத்துமிருந்தேன். அதன் பின்பக்கத்தில் கவராய முனையால் என் பெயரை நானே கீறி வைத்திருந்தேன். கப்பல் தாழ்ந்தால் தாழட்டும், பாகைமானி அகப்பட்டுவிடுமே என்பதுதான் அந்த நாட்களில் என் ஒரே கவலை. நாட்டைப் பற்றி ஆழமாகச் சிந்திக்கிற ஆள் நான்.

அது யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மேட்டில் எங்கள் தொழில்நுட்பப் பயிற்சி வளாகம் இருந்தது. நான் அங்கே படவரைஞர். கட்டடப் படம், வயர் ஓடும் படம், தண்ணீர்க் குழாய்ப் படம் எல்லாம் கீறுவது என் வேலை. ஊருக்கு வரும் மின்சாரம் விருந்தாளி மாதிரி வந்து போனது. எங்கோ ஒரு கம்பம் விழும். திருத்தப் போகிறவர்களுக்குப் பாதை திறக்க மாட்டார்கள். நாங்கள் இருட்டு வகுப்பறையில் வியர்த்துக்கொண்டிருப்போம். இப்படி இருக்கையில் வெளிநாட்டுக்காரர் சிலர் வந்து பதினாறு சூரியத் தகடுகளைக் கூரைத் தட்டில் பரப்பி, ஓர் அறை நிறையப் பற்றரியும் ஒரு பெரிய பெட்டியும் இறக்கி, பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதையெல்லாம் பொறுப்பெடுக்க வந்தவர்தான் இவர். மின் பகுதி விரிவுரையாளர். ஊர் வெருகல் பக்கம். பெயரைச் சொல்லப் போவதில்லை. மாணவர்கள் வைத்த பெயர் டீசீ.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அந்தப் பெரிய பெட்டி. வந்த முதல் கிழமையே அதைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். வளாகத்தை நடத்திய அதிபர் பதறிப்போனார்.

"அந்தப் பெட்டி என்ன செய்யிறது?"

"தகட்டில இருந்து வாறதை ஊர்க் கரண்ட் மாதிரி மாத்துறது சேர்."

"நல்லதுதானே. திரும்பப் பூட்டுங்கோவன்."

"தேவையில்லை. தகடு தாறது ஒரே பக்கமா ஓடுற நேர் மின்சாரம், டீசீ. பற்றரி வைச்சிருக்கிறதும் அதுதான். விளக்கையும் அதுக்கேத்த விளக்காப் போட்டிட்டா இந்தப் பெட்டிக்கு இடையில என்ன வேலை? மாத்துற இடத்தில எல்லாம் கொஞ்சம் சிந்தும். இப்பதான் கழட்டினது, தொட்டுப் பாருங்கோ, இன்னும் சுடுது. அந்தச் சூடு எங்கட வெளிச்சம்."

அதிபர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். அவருக்கு விளங்கியதோ தெரியாது. எனக்கு ஒன்று விளங்கியது: வெளிநாட்டுக்காரன் சும்மா தந்த புத்தம் புதுப் பெட்டியை வேண்டாம் என்கிற மனிதன் சாதாரண மனிதன் இல்லை.

பிறகு அவர் சாமான் சேர்க்கத் தொடங்கினார். பழைய பஸ்களில் இருந்து இருபத்துநாலு வோல்ற் விளக்குகள். சாரதியின் தலைக்கு மேல் சுழலும் சின்ன விசிறிகள். துறைமுக வீதிப் பழைய இரும்புக் கடையில் இருந்து, பித்தளைக் கூடு போட்ட கப்பல் விளக்குகள். எங்கள் நூலகம் கப்பலின் அடித்தட்டு மாதிரி ஆகிவிட்டது. புத்தகம் எடுக்கப் போனால் வாந்தி வரும்போல இருக்கும். வளாக மணி மின்சாரம் இல்லாமல் பல நாட்களாக ஊமையாகக் கிடந்தது. அதற்குப் பதிலாக ஒரு பஸ் ஹோர்ன் பூட்டினார்.

அது முதல் தடவை அடித்தபோது நான் என் வரைமேசைக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன் என்பது இன்றுவரை தெரியாது. கையில் ஒரு மூலைமட்டம் இருந்தது. தற்காப்புக்கு எடுத்திருக்க வேண்டும். அவர் வாசலில் வந்து குனிந்து பார்த்தார்.

"கீழ என்ன தேடுறீர்?"

"அழிறப்பர் சேர்."

"இந்தா, மேசையில கிடக்கு. சத்தம் காணுமோ, கூட்ட வேணுமோ எண்டு கேக்க வந்தனான்."

"காணும் சேர். நல்லாக் காணும்."

அவருக்கு என்னிடம் அடிக்கடி வேலை இருந்தது. குறைந்த வோல்ற்றில் வயர் நீண்டால் விளக்கு மங்கிவிடுமாம். ஆகவே வயரை நீட்டாமல் அறைகளைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். வளாகத்தின் படத்தை நான் ஏழு தரம் மாற்றிக் கீறினேன். பற்றரி அறைக்குப் பக்கத்தில் நூலகம், அடுத்தது படவரை கூடம், அதற்கடுத்தது பின்னேர வகுப்பு. அதிபரின் ஒபிஸ் ஆகக் கடைசி.

"அதிபரை ஏன் சேர் அந்த அந்தத்துக்குத் தள்ளுறீங்கள்?"

"கையெழுத்து வைக்க எவ்வளவு வெளிச்சம் வேணும்?"

இதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை. அதிபரிடமும் இதே வார்த்தையில் சொன்னார் என்று பின்னர் அறிந்தேன். எதையும் இடையில் ஒரு கை மாற்றி அனுப்புவது அவருக்குப் பிடிக்காது. ஒபிஸ் பியோனிடம் அதிபர் ஏதாவது சொல்லி அனுப்பினால், பாதியில் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மைதானத்துக்குக் குறுக்கே நேராக நடந்து அதிபரிடமே போவார். "எனக்குச் சொல்லுறதை எனக்குச் சொல்லுங்கோ. உங்கட வாயில இருந்து புறப்பட்டது இவர்ர வாயால வரேக்க அரைவாசிதான் இருக்கு." பியோன் ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. வெளிநாட்டுக்காரர் மறுபடி வந்து, பெட்டி எப்படி என்று கேட்டபோது அதிபர், "அற்புதமாக வேலை செய்கிறது" என்றார். பக்கத்தில் நின்ற இவர், "அலுமாரிக்குப் பின்னால கிடக்கு, பூட்டேல்ல" என்றார். மரியாதைக்குக்கூட ஒரு பொய் அந்த வாயில் வராது. இப்படி ஒருவரை யுத்த காலத்தில் பக்கத்து மேசையில் வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாக இருப்பது?

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு நாளில் வானம் தந்ததற்கு மேல் இந்தக் கட்டடம் எடுக்கக் கூடாது. ஜெனறேற்றர் கொட்டிலில் பூட்டியே கிடந்தது. பூட்டின் திறப்பு அவர் கழுத்தில் தொங்கியது. மாரி காலத்தில் முகில் மூடினால் அறை அறையாக வருவார். ஒவ்வொரு விசிறியாக நிற்கும். "இண்டைக்கு இவ்வளவுதான் கிடைச்சது. இதுக்குள்ள சீவிக்கப் பாப்பம்." ஒருநாள் நான் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது. கோடு பேப்பரை விட்டு மேசைக்குப் போய்விட்டது. முறைப்பட்டேன். அவர் ஜன்னலைத் திறந்துவிட்டு, "இந்த வெளிச்சம் பற்றரியில் இருந்து வரேல்ல, பயப்படாமல் எடுத்துப் பாவியும்" என்றார்.

சந்தேகத்துக்குத் தனியாக விதை போடத் தேவையில்லாத காலம் அது. ஆனாலும் எங்கள் காவலாளி அண்ணை தாராளமாக விதைத்தார். வாசல் கொட்டிலில் இருந்து வெற்றிலை மென்றபடி, எதையும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லக்கூடியவர்.

"தம்பி, நான் ஒண்டும் சொல்லேல்ல. மனுசன் ஹோர்ன் ரெண்டு வாங்கினவர். பூட்டினது ஒண்டு. மற்றது எங்க?"

"பழுதானா மாத்துறதுக்கு இருக்கும் அண்ணை."

"இருக்கும். நான் இல்லையெண்டு சொன்னனானே? அந்தக் களுசானைப் பாத்தனீங்களோ? முழுக்க ஓட்டை. என்ன அமிலமோ."

"பற்றரி அமிலம் காற்சட்டையில தெறிக்கிறது அண்ணை."

"ஓம், அப்பிடித்தான் சொல்லுவினம்."

அந்த "சொல்லுவினம்" எனக்குள் இறங்கியது. வெருகல் பக்கம் அப்போது ஆமிக்காரர் கையில் இல்லை, போராளிகள் கையில் இருந்தது. ஒரு டோர்ச் பற்றரியை அந்தப் பக்கம் கொண்டுபோனாலே, குண்டுக்கு என்று ஆமி பிடித்து வைத்துவிடும். இவர் மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வருகிறார். இங்கேயோ ஓர் அறை நிறையப் பற்றரி. அந்த அறையில் நான் படத்துக்கு அளவு எடுத்தபோது ஒன்றைத் தட்டிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். "அது கடிக்காது" என்றார் பின்னால் நின்று.

பிறகு, அவர் எந்நேரமும் ஏதோ எழுதிவந்த அந்தக் குறிப்புக் கொப்பி. அதில் ஒருநாள் தற்செயலாக, அதாவது அவர் தேத்தண்ணி குடிக்கப் போகும்வரை காத்திருந்து, எட்டிப் பார்த்தேன். "9.00 – 25.8. 11.30 – 27.9. 3.40 நிழல் வந்தது. 4.05 நிழல் போனது." அடுத்த நாளும் நிழல் வந்திருந்தது, மூன்று நாற்பத்திரண்டுக்கு. இவ்வளவு நேரம் தவறாமல் வந்து போகிற அந்த நிழல் யார்? என்ன மாதிரி ஆள்? அன்று பின்னேரம் மூன்று நாற்பதுக்கு நான் வாசலில் போய் நின்றேன். யாரும் வரவில்லை. மிகத் திறமையான ஆளாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இதற்குப் பிறகுதான் பாகைமானி கேட்டார். அடுத்த நாள் கூரைத் தட்டில் அவரைக் கண்டேன். ஒரு நீளப் பலகையைச் சரித்து வைத்து, என் பாகைமானியில் நூல் கட்டி, நூலில் ஒரு இரும்பு நட் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பலகையின் விளிம்போடு பார்த்துக்கொண்டிருந்தார். பலகையின் நுனி துறைமுகத்தைப் பார்த்தது. கீழே சாம்பல் நிறத்தில் கப்பல். "எட்டரைப் பாகை" என்று தனக்குள் சொன்னார். இறங்கி வந்து என்னிடம், "படத்தில வடக்கைச் சரியாப் போடும். திசைகாட்டி காட்டுற வடக்கில்லை, உண்மை வடக்கு" என்றார். விளக்கு எரிக்கிற மனிதனுக்கு உண்மை வடக்கு எதற்கு? ஷெல் அடிக்கிறவனுக்கல்லவா அது வேண்டும்? நான் வடக்கைப் போட்டேன். கண் துறைமுகத்திலேயே இருந்ததில் அது கொஞ்சம் வடகிழக்காக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் துறைமுகப் பக்கம் பெரிய சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பழைய வெடிபொருளைக் கடற்படையினரே அழித்தார்கள் என்று பின்னேரம்தான் தெரிந்தது. ஆனால் நான் பின்னேரம்வரை பொறுக்கிற ஆள் இல்லை. சத்தம் கேட்டதும் எல்லோரும் கீழே படுத்தோம். இவர் மட்டும் கூரையில் இருந்து இறங்கி வந்தார். கொப்பியில் ஏதோ எழுதியபடி, "தகடு ஒண்டுக்கும் ஒண்டுமில்லை" என்றார். மனிதர்களைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

அன்று வீட்டுக்குப் போய் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயமில்லை. அயலவனோடு வேலித் தகராறு என்றாலும் மொட்டைக் கடிதம்தான். ஆனால் என் கடிதம் தனி ரகம். எழுத்துத் தெரியக் கூடாதென்று இடது கையால் எழுதினேன். "எங்கள் மின் விரிவுரையாளர் சேர் அவர்கள் ஆயுதம் பொருத்துகிறார் என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்" என்று மரியாதை குறையாமல் எழுதினேன். விளக்கத்துக்காக ஒரு படமும் கீறினேன். கூரைத் தட்டு, பலகை நின்ற இடம், பற்றரி அறை, தண்ணீர்த் தாங்கி. படத்துக்கு இடது கை சரிவராது என்பதால் வலது கையால் கீறினேன். ஓரத்தில் வடக்குக் குறி, கீழே அளவுத்திட்டம் நூறுக்கு ஒன்று. மொட்டைக் கடிதத்துக்கு அளவுத்திட்டம் போட்ட ஒரே ஆள் இலங்கையிலேயே நானாகத்தான் இருப்பேன்.

காலையில் வேலைக்குப் போகிற வழியில், சோதனைச் சாவடியில் தொங்கிய முறைப்பாட்டுப் பெட்டிக்குள் அதைப் போட்டேன். வளாகத்துக்கு வந்து கதிரையில் இருந்தேன், மனம் கழுவிவிட்டது போல.

பத்து மணிக்கு அவர் வந்து கூப்பிட்டார். "வாரும், ஒரு சாமான் காட்டுறன்."

கூரையில் பதினாறு தகடுகளும் மரச் சட்டங்களில் சாய்ந்து நின்றன. முந்தின நாள்வரை தட்டையாகப் படுத்துக் கிடந்தவை. எல்லாம் ஒரே சரிவு, ஒரே திசை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரே பக்கம் பார்த்து நிற்பது மாதிரி.

"தெற்கு" என்றார். "சூரியன் எங்கட ஊருக்கு வருசத்தில கனநாள் தெற்காலதான் போகுது. அதுக்கு முகத்தைக் குடுத்து நிண்டாத்தான் முழுசா வாங்கலாம். எட்டரைப் பாகை சரிவு. மழை பெய்தா ஊத்தையும் கழுவிக்கொண்டு போகும்."

"அப்ப கப்பல்?"

"என்ன கப்பல்?"

"இல்லை சேர். நிழல்… நிழல் எண்டு ஒண்டு…"

"தண்ணித் தாங்கியின்ர நிழல். மூண்டு நாப்பதுக்கு அந்தக் கடைசித் தகட்டில விழுது. ஒரு தகட்டில ஒரு மூலை மறைஞ்சாலும் அந்த வரிசையே படுத்திடும். அதுதான் வோல்ற்றையும் நேரத்தையும் எழுதிப் பாத்தனான்." பாகைமானியை என் கையில் தந்தார். "இந்தாரும். இது இல்லாட்டி ஏலாமப் போயிருக்கும்."

நான் அதை வாங்கிக்கொண்டேன். கீழே வந்து, வயிற்றுக் கோளாறு என்று அரைநாள் லீவு போட்டேன்.

சோதனைச் சாவடியில் ஒரு இளம் ஆமிக்காரன் நின்றான். அவன் பேருந்துப் பக்கம் பார்க்கிற நேரம், கோடு இழுக்கும் என் இரும்பு அடிமட்டத்தைப் பெட்டியின் வாய்க்குள் விட்டுத் துழாவினேன். கடிதத்தின் ஒரு மூலை தட்டுப்பட்டது, வழுகிப் போனது. மறுபடி விட்டபோது என் தோளுக்குப் பின்னால் ஒரு குரல்.

"மொகத?"

என்ன என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் இறங்குவதற்கு மட்டும் காணும். கடிதம் போட வந்தேன் என்று கையால் காட்டினேன். எங்கே கடிதம் என்று அவனும் கையால் கேட்டான். கடிதம் போட வந்தவன் கையில் கடிதம் இல்லாமல் அடிமட்டம் மட்டும் இருந்தால் யாருக்கும் கேள்வி வரும்தானே. பொக்கற்றில் இருந்து ஒரு துண்டுப் பேப்பரை எடுத்து அவன் முன்னாலேயே, மதிலில் வைத்து, இரண்டாவது மொட்டைக் கடிதம் எழுதினேன். "முன்னர் அனுப்பிய கடிதம் பிழை. அதில் உள்ள எதுவும் உண்மையில்லை. சேர் அவர்கள் மிக நல்லவர். தயவுசெய்து இரத்துச் செய்யவும்." படத்தில் திருத்தம் வந்தால் மூலையில் "திருத்தம் 1" என்று போடுவது எங்கள் தொழில் வழக்கம். அதையும் போட்டேன். ஆமிக்காரன் பேப்பரை வாங்கி மடித்து, உதவி செய்கிற மாதிரித் தானே பெட்டிக்குள் தள்ளிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

நாலாம் நாள் இரண்டு ஜீப் வந்தது. பற்றரிகளை எல்லாம் ஏற்றினார்கள். கொப்பியை எடுத்தார்கள். பிறகு அவரை ஏற்றினார்கள். அவர் போகும்போது அதிபரிடம், "மத்தியானத்துக்குள்ள வந்திடுவன், தகட்டில கை வைக்க விட வேண்டாம்" என்றார். காவலாளி அண்ணை என் பக்கம் திரும்பி, "நான் ஒண்டும் சொல்லேல்ல" என்றார்.

அடுத்த நாட்களில் என் பகிடிகள் நின்றுபோயின. ஒபிஸில் எல்லோரும் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். அதிபர் போய்ப் பார்த்தார், விடவில்லை. இரண்டு தரம் நான் சோதனைச் சாவடிவரை நடந்தேன், நான்தான் எழுதினேன் என்று சொல்ல. இரண்டு தரமும் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அவரைக் கொண்டுபோன பத்தாம் நாள் காலை அவர் வந்தார். மைதானத்துக்குக் குறுக்கே நடந்து நேரே என் அறைக்கு வந்தார். அதே ஓட்டைக் களுசான். இடது காதில் பஞ்சு வைத்திருந்தார். எனக்கு எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"கடற்படையில கரண்ட் வேலை தெரிஞ்ச ஒரு ஒபிசர் நேற்று வந்து கூரையைப் பாத்திருக்கிறார். இது விளக்குத்தான் எண்டு எழுதிக் குடுத்தவராம். விட்டிட்டாங்கள்."

"நல்லது சேர்" என்றேன்.

"கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து கதையும்." வலது பக்கத்தைக் காட்டினார். நான் கதிரையை மாற்றினேன். "ரெண்டு கடுதாசி காட்டினவங்கள். முதலாவதை அவங்கள் பெருசா எடுக்கேல்லையாம். அப்பிடி நாளுக்கு நாலு வருமாம். ரெண்டாவது வந்த பிறகுதான் யோசிச்சிருக்கிறாங்கள், எழுதின ஆளை நான் வெருட்டி மாத்தி எழுத வைச்சனான் எண்டு. ஆர் அந்த ஆள், ஆரை வெருட்டினனீ, இதுதான் ஒன்பது நாளும் கேள்வி."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"தெரியாது எண்டு சொன்னனான்."

அவர் எழும்பினார்.

"படம் நல்ல படம். தண்ணித் தாங்கியைத்தான் ரெண்டடி கிழக்கால போட்டிட்டீர்."

பற்றரிகள் திரும்பி வரவில்லை. அவர் விசிறிகளைத் தகட்டிலேயே நேராகக் கொடுத்தார். வெயில் இருக்கும்வரை சுற்றின. பின்னேர வகுப்பு நின்றது. அடுத்த வருடம் மாற்றலாகிப் போனார். அதுவரை நான் தினமும் அவரைக் கண்டேன், ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்: என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் முதல் நாளே வெளியே வந்திருக்கலாம். சொல்லவில்லை. இடது காது பிறகு அவருக்குக் கேட்கவில்லை.